ராமநாதபுரம் கடற்கரையில் மீன்வள வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஒருவரையும் விட்டுவிடாமல் வேலை செய்வது எப்படி?

மீன்வளம் படித்துவிட்டு ஆராய்ச்சி நிலையத்தில் திட்ட உதவியாளராகச் சேருகிறவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள், கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள், நண்டுக்கும் கடற்பாசிக்கும் கொள்முதல் பார்க்க வருகிறவர்கள் என்று வருஷா வருஷம் புது முகங்கள் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் தொண்டியிலும் வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்கள் கையில் இருக்கும் திட்ட அறிக்கையில் ‘பெண்கள் பங்கேற்பு’, ‘விளிம்புநிலை மக்கள்’ என்று இரண்டு பத்திகள் கட்டாயம் இருக்கும். அந்த இரண்டு பத்தியைக் கரையில் எப்படிச் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் யாரையும் தொழிலுக்குள் புதிதாகக் கூட்டிவர வேண்டியதில்லை. பாசி எடுக்கும் பெண் கழுத்தளவுத் தண்ணீரில் ஏற்கெனவே நிற்கிறாள். வலையிலிருந்து நண்டு கழட்டுகிறவள், கருவாடு காயப்போடுகிறவள், ஐஸ் உடைக்கிறவர், உள்நாட்டிலிருந்து படகுக் கூலிக்கு வந்தவர் எல்லோரும் வேலைக்குள்தான் இருக்கிறார்கள். பட்டியலில்தான் இல்லை. ‘மீனவர்’ என்று எழுதும் இடத்தில் படகு வைத்திருக்கும் ஆணின் பெயர் மட்டும் ஏறி, மற்றவர்கள் ‘குடும்பத்தினர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். வேலையில் இருப்பவரைக் கணக்கிலும் கொண்டுவருவதுதான் உங்கள் பொறுப்பு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்கானதே.

முதல் படி: பேசாமல் ஒரு மாதம் பாருங்கள்

வந்த வாரமே கூட்டம் போடாதீர்கள். மாவட்டத்தின் கடற்கரை இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வடக்கே தொண்டி, சோழியக்குடி, காரங்காடு, தேவிபட்டினம் எல்லாம் பாக் நீரிணைப் பக்கம். தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் எல்லாம் மன்னார் வளைகுடாப் பக்கம். நடுவில் மண்டபமும் ராமேஸ்வரம் தீவும் இரண்டு கடலையும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது இன்னொரு பக்கம் அடங்கியிருக்கும். வடகடலில் நண்டு வலையைச் சுற்றி நடக்கும் பெண்களின் வேலையும், தென்கடலில் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களின் வேலையும் முற்றிலும் வேறு. ஒரு ஊரில் கற்றதை அடுத்த ஊரில் அப்படியே பொருத்திவிட முடியாது.

ஒரு நோட்டு வாங்கி ஐந்து கட்டம் போடுங்கள். என்ன வேலை, யார் செய்கிறார், எங்கே, கூலி யார் கையில் வருகிறது, காகிதத்தில் யார் பெயர். கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம்.

உதாரணத்துக்கு நண்டு. கடலில் வலை விடுவது இரண்டு பேர், மூன்று பேர். கரைக்கு வந்த வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழட்டுவது பெரும்பாலும் பெண்கள். கால் ஒடிந்தால் விலை இறங்கும், அதனால் அது கைத்திறன் வேலை. அப்புறம் வலையைச் சுத்தம் செய்து, கிழிந்ததைப் பார்த்து, அடுத்த நாளுக்கு மடித்துவைக்க வேண்டும். நண்டு வேகவைத்துச் சதை எடுக்கும் இடங்களிலும் பெண்களே அதிகம். இத்தனையும் நடந்த பிறகு ரசீதில் வருவது படகுக்காரர் பெயரும் வியாபாரி பெயரும். சொந்தப் படகின் வலையில் நண்டு கழட்டும் மனைவிக்குக் கூலி என்ற பேச்சே இல்லை. அடுத்தவர் வலையில் கழட்டினால் கூலி உண்டு. ஒரே கை, ஒரே வேலைதான், ஆனால் ஒன்று தொழில், மற்றது வீட்டு வேலை என்று ஆகிவிடுகிறது. உங்கள் நோட்டில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுங்கள்.

பாசி எடுப்பதைக் கரையில் நின்று பார்த்தால் புரியாது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து உள்ளே போவார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டி வளர்வது, கையால் கிள்ள வேண்டும். பாறையும் பவளமும் விரலை அறுக்கும். அந்தப் பாசியிலிருந்து அகார், கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியிலிருந்து ஆல்ஜினேட். ஐஸ்கிரீமிலும் மருந்துக் குப்பிகளிலும் ஆய்வுக்கூடத் தட்டுகளிலும் போய்ச் சேரும் பொருள் இது. அதன் முதல் கை சின்னப்பாலத்திலும் பாரதிநகரிலும் உள்ள பெண்ணின் கை. படகு இறங்கும் இடத்தில் மீனை எடைபோட்டுக் கணக்கெடுக்கும் முறையில் இந்த உழைப்பு சரியாகப் பிடிபடாது. ஆகவே உங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘படகு இல்லாமல் செய்யும் மீன்பிடிப்பு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள். கையால் நண்டு, சிப்பி, பாசி எடுப்பதெல்லாம் அந்த வரியில்தான் வரும்.

இரண்டாம் படி: கடலின் நேரத்துக்கு உங்கள் நேரத்தை மாற்றுங்கள்

அலுவலகக் கூட்டம் காலை பத்து மணிக்கு. மீன் விற்கும் பெண் அப்போது ராமநாதபுரம் சந்தையிலோ, பஸ்ஸில் கூடையோடு பரமக்குடி போகும் வழியிலோ இருப்பாள். பாசிக்காரி விடியுமுன் போய் இன்னும் தண்ணீரில் இருப்பாள். பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ‘பெண்கள் வரவில்லை, ஆர்வம் இல்லை’ என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் வையுங்கள். ஆறரைக்குள் முடியுங்கள், சமையல் இருக்கிறது.

நாட்களையும் பாருங்கள். முஸ்லிம் குடும்பங்கள் அதிகமுள்ள ஊர்களில் வெள்ளி, கிறித்தவ ஊர்களில் ஞாயிறு கூட்டம் வைக்கக்கூடாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் வாரத்தில் தனித்தனி நாட்கள் உண்டு. விசைப்படகு போகும் நாளில் துறைமுகக் கூலிப் பெண்களைப் பிடிக்க முடியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் முழுக்கக் கூட்டம், அப்போது பாதிப் பேருக்கு வேறு வேலை வந்துவிடும். நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டமே வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக்காரர்களும் படகுத் தொழிலாளர்களும் அப்போது கரையில் இருப்பார்கள், பேச வசதி என்று எல்லாத் திட்டக்காரர்களும் அந்த நேரத்தில் வருவார்கள். வரட்டும். ஆனால் அந்த இரண்டு மாதம் ஏலத்தை நம்பியிருக்கும் பெண்களுக்கும் ஐஸ், பெட்டி, சுமை வேலைக்காரர்களுக்கும் வருமானம் நின்றுபோகிறது. அவர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் அன்றைய கூலிக்கு ஈடு கொடுக்க வேண்டும். டீயும் வடையும் கூலி ஆகாது.

மூன்றாம் படி: எந்தத் தெருவில் உட்காருகிறீர்கள்?

ஊருக்குள் போனதும் தலைவரையும் சங்கப் பொறுப்பாளரையும் பார்ப்பது மரியாதை. அதை விடக்கூடாது. ஆனால் தலைவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டால் ஊர் முழுக்கப் பார்த்ததாக ஆகாது. இந்தக் கரையில் இந்து, கிறித்தவ, முஸ்லிம் மீனவக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சாதி, தொழில் வரிசை உண்டு. விசைப்படகு முதலாளி, நாட்டுப்படகுக்காரர், கரைவலைக்காரர், கூலி, இதற்கும் கீழே துறைமுகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் வரை. மண்டபம் முகாமில் இலங்கையிலிருந்து வந்த தமிழர் குடும்பங்கள் உண்டு, அவர்களில் கடல் தெரிந்தவர்களும் உண்டு.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் ஒரு தெரு வராது. பள்ளிவாசல் முற்றத்தில் வைத்தால் இன்னொரு தெரு வராது. தேவாலய வளாகமும் அப்படியே. அரசுப் பள்ளி, அங்கன்வாடி, ஏலக்கூடத்தின் நிழல் இந்த மூன்றும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானவை. ஒரு முறை ஒரு தெரு, அடுத்த முறை வேறு தெரு என்று மாற்றுங்கள். எல்லாத் தெருவிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்று ஒரு வீட்டில் மட்டும் மறுத்தால் அது ஊருக்கே தெரிந்துவிடும். எந்த வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பதை வைத்தே நீங்கள் யாருடைய ஆள் என்று முடிவு செய்வார்கள்.

கூப்பிடும் முறை பற்றி ஒரு வார்த்தை. அக்கா, அண்ணன் எல்லா இடத்திலும் செல்லும். கீழக்கரைப் பக்கம் வயதில் மூத்த பெண்ணை லாத்தா, ஆணைக் காக்கா என்று கூப்பிட்டால் முகம் மலரும். வயது முதிர்ந்த பாசிக்காரியை ‘பாட்டி’ என்று கூப்பிடாதீர்கள். அறுபது வயதிலும் கடலில் இறங்கும் பெண்ணைத் தொழிலிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய மாதிரி அது கேட்கும். ‘அம்மா’ போதும்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்த கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். ‘அக்கா, நீங்களும் பேசுங்க’ என்று ஒலிவாங்கியை நீட்டினால் சங்கடம்தான் மிஞ்சும். முதலில் பெண்களை மட்டும் தனியாகப் பாருங்கள். அவர்கள் சொன்னதை எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டி, அதைப் பொதுக்கூட்டத்தில் அவர்களில் யார் சொல்வது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் அவர்களுக்காகப் பேசாதீர்கள்.

நான்காம் படி: காகிதம், வங்கி, போன்

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மீனவர் நல வாரிய அட்டை, மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண், வங்கிக் கணக்கு, ஆதார் இந்த நாலும் ஒருவருக்கு இருந்தால் திட்டங்கள் அவரைத் தேடி வரும். ஒன்று குறைந்தாலும் வராது. மீனவ மகளிருக்கான சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் இருக்கிறது. பெண் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500 ரூபாயாக மீன் குறைவான காலத்தில் கொடுக்கும். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளி பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் மானியம் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். பாசி வளர்க்கும் மிதவை, குளிர்பெட்டி வைத்த வண்டி, மீன் விற்பனைக் கூடம் என்று பலதுக்கும் இது பொருந்தும்.

இந்த 60 சதவீதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மானியம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகவே மனைவி பெயரிலோ தங்கை பெயரிலோ விண்ணப்பம் போடுவார்கள். பெண்ணின் பெயர், பெண்ணின் புகைப்படம், ஆனால் மிதவையும் பணமும் வேறு ஒருவர் கையில். அறிக்கையில் பெண் பயனாளிகள் எண்ணிக்கை உயரும், அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஒன்றும் மாறாது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் கேட்டால் போதும். வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது? கணக்கோடு இணைந்த போன் எண் யாருடையது? கடைசியாகப் பாசி எடைபோட்டபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா?

போன் எண்ணைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓடிபி போகும் போன் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கணக்கு இருக்கிறது. பல வீடுகளில் அது மகனிடம் இருக்கும், மகன் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பான். விண்ணப்பம் நிரப்பும்போதே அந்தப் பெண்ணின் சொந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். சொந்த எண் இல்லை என்றால் முதல் உதவி ஒரு சிம் வாங்கித் தருவதுதான், மற்ற பயிற்சியெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னும் சிலரைத் தேடிப்பிடிக்க வேண்டும். கணவரை இழந்தவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களின் மனைவிமார். கணவர் சிறையில், படகு அங்கே பறிமுதல், வட்டிக்கு வாங்கிய கடன் இங்கே. குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்று படிவம் கேட்கும்போது இந்தப் பெண் நின்றுவிடுகிறாள். அந்த இடத்தில் படிவத்தைத் திருப்பி அனுப்பாமல், கிராம நிர்வாக அலுவலர், மீன்வள உதவி இயக்குநர் அலுவலகம் என்று கூடவே போய் நிற்பதுதான் உங்கள் வேலை.

பாசி எடுக்கும் பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது, தங்களைப் பாசித் தொழிலாளர் என்றே சொல்லும் அடையாள அட்டை. அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறையாகப் போய்வந்த தீவுகள் அவர்களுக்கு ‘அத்துமீறி நுழைந்த’ இடங்களாகிவிட்டன. பிடிபட்டால் நான் யார் என்று சொல்லக் கையில் ஒரு காகிதம் வேண்டாமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஐந்தாம் படி: விதி போடும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா?

நீங்கள் கடல் பாதுகாப்பு வேலைக்கு வந்தவராக இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் விதி எழுதும்போது, அந்த விதியால் அடுப்பு அணையப்போகும் வீட்டுக்காரியைக் கேட்காமல் எழுதுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கரையின் பாசிப் பெண்கள் யாரும் சொல்லித்தருமுன்பே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது, சுரண்டும் கருவி இல்லாமல் கையால் மட்டும் எடுப்பது என்று அவர்கள் கூடிப்பேசி முடிவு செய்தார்கள். பாம்பனுக்கு அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் அமெரிக்காவுக்குப் போய் சீகாலஜி விருது வாங்கியது இந்த வேலைக்காகத்தான். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத பாசிக்காரி ஒருவர் பெற்ற உலகளவிலான பாதுகாப்பு விருது அது. உங்கள் பயிற்சி வகுப்பில் பேச வெளியூர் நிபுணரைத் தேடுமுன் இவர்களைப் போன்றவர்களைக் கேளுங்கள், நிபுணருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையே கொடுங்கள்.

வளர்ப்புப் பாசி விஷயத்திலும் இதே கதை. கப்பாபைகஸ் என்ற அந்நியப் பாசி 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் நிறுவனம் மூலம் மூங்கில் மிதவைகளில் வந்தது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மிதவை, நாற்பத்தைந்து நாளில் அறுவடை. பல பெண்களுக்கு வருமானம் தந்தது உண்மை. 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், அதுவும் உண்மை. இப்போது தொண்டிக்கு அருகே வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் கேட்க வேண்டியவை சில. விதைப்பாசி யாரிடமிருந்து, விலை யார் வைக்கிறார், மிதவை புயலில் போனால் நட்டம் யாருக்கு, கடலில் தானாக வளரும் பாசியை எடுக்கும் பெண்களும் மிதவையில் வளர்க்கும் பெண்களும் ஒரே இடத்துக்கு மோதினால் யார் தீர்ப்பது? ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவருக்கும் புரியும் தமிழில்.

ஆறாம் படி: புதிதாக வருகிற பெண்களுக்கு

இதுவரை மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றிச் சொன்னேன். உங்களையும் இந்தத் துறை சேர்த்துக்கொள்ள வேண்டுமே.

முதல் பிரச்சினை கழிப்பறை. இறங்குதளங்கள் பலவற்றில் இல்லை, இருந்தாலும் பூட்டிக் கிடக்கும். களத்துக்குப் போகுமுன் எங்கே பள்ளி, எங்கே சுகாதார நிலையம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்காதீர்கள். உங்கள் திட்டத்துக்குச் சின்னத் தொகை ஒதுக்க வழி இருந்தால், முதல் செலவு இறங்குதளத்துக் கழிப்பறையும் தண்ணீரும் ஆகட்டும். அது உங்களுக்கும் உதவும், அங்கே விடியலிலிருந்து உட்கார்ந்திருக்கும் மீன்காரிக்கும் உதவும்.

இரண்டாவது, படகு. பெண் ஏறினால் மீன் படாது என்று சொல்லும் படகுக்காரர் இன்னும் இருக்கிறார். சண்டை போட வேண்டாம், வேறு படகு பாருங்கள். சொந்த மனைவியோடு கடலுக்குப் போகும் குடும்பங்களும் இந்தியக் கடற்கரையில் உண்டு. கேரளத்தின் சேட்டுவாவைச் சேர்ந்த கே.சி. ரேகா கணவரோடு ஆழ்கடலுக்குப் போய் மீன்பிடித்தவர், 2017இல் உரிமம் பெற்றவராக அறியப்பட்டார். நீச்சல் தெரியாமல் படகு ஏறாதீர்கள். உங்கள் அளவுக்குச் சரியான உயிர்காப்பு உடை கேளுங்கள், பெரியது தண்ணீரில் கழுத்துக்கு மேல் ஏறிவிடும். மேலதிகாரி ‘பெண் பிள்ளை, கரையிலேயே இரு’ என்று அக்கறையாகச் சொல்லும்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடல்வேலை அனுபவம் இல்லை என்று அடுத்த பதவி உயர்வில் சொல்லப்போவதும் அவர்தான்.

மூன்றாவது, பாலியல் துன்புறுத்தல். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சேர்ந்த அன்றே அதன் தலைவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்துக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுதித்தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தரலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித்தர உதவ வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டம் சம்பளக்காரருக்கு மட்டுமல்ல, தினக்கூலிக்கும் பயிற்சிக்கு வந்தவருக்கும் உண்டு. நண்டுச் சதை எடுக்கும் கூடத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கும் உண்டு, அவளுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் சொல்லுங்கள்.

போனில் பதிந்துவைக்க மூன்று எண்கள்: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, பெண்கள் உதவி 181.

ஏழாம் படி: ஆள் எடுக்கும்போது

உங்களுக்குக் கீழே கணக்கெடுக்க, தகவல் சேகரிக்க ஆள் எடுக்கும் வாய்ப்பு சீக்கிரமே வரும். பட்டதாரி வேண்டும் என்று விளம்பரம் போட்டால் மதுரையிலிருந்து ஆள் வரும். பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கும் மீனவப் பெண் வர மாட்டாள். வேலைக்கு உண்மையில் என்ன தேவை? மீனின் பெயர் தெரிய வேண்டும், எடை பார்க்கத் தெரிய வேண்டும், ஊரில் எல்லாத் தெருவிலும் போய்ப் பேச வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. மீன்களைக் கரையில் வைத்து இது என்ன, இது எந்தப் பருவத்தில் வரும் என்று கேட்டுத் தேர்வு வையுங்கள், யார் ஜெயிப்பார்கள் என்று பாருங்கள்.

மேலே படிக்க நினைக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வழியும் சொல்லுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இலிருந்து இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் உண்டு. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகமே முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அந்தக் கட்டடத்தின் மதிலுக்கு வெளியே வலை காயப்போடும் வீட்டுப் பிள்ளை உள்ளே விஞ்ஞானியாக நுழையும் நாள் அடிக்கடி வர வேண்டும் என்பது என் ஆசை.

மாற்றுத்திறனாளிகளை மறந்துவிடுகிறோம். சங்கு குளித்துக் காது கெட்டவர், வலை இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் விரலோ கையோ போனவர் என்று கடலே ஊனமாக்கியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. தரம் பிரிப்பது, கணக்கு எழுதுவது, வலை முடைவது, வானிலைச் செய்தி சொல்வது எல்லாம் அவர்களால் முடியும். பாம்பனில் ‘கடல் ஓசை’ என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் இயங்குகிறது. குரலை வைத்துச் செய்யும் வேலைகளும் இந்தத் துறையில் இருக்கின்றன என்பதற்கு அது ஒரு சான்று. திருநங்கையர், திருநம்பியர் விண்ணப்பித்தால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் இப்போது ஒரு பெயரும் இருக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதிக் கூப்பிடாதீர்கள்.

‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்து உள்ளூர்ப் பெண்களிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்காதீர்கள். பயணப்படியை முன்பணமாகக் கொடுங்கள். கைக்காசு போட்டுவிட்டு மாதக் கடைசியில் பில் வைக்க அவர்களிடம் காசு இருக்காது.

எட்டாம் படி: எழுதுவதும் ஒப்படைப்பதும்

அறிக்கையில் ‘மீனவர்களும் அவர்களது மனைவியரும்’ என்று எழுதாதீர்கள். பாசி எடுப்பவர், நண்டு கழட்டுபவர், மீன் விற்பவர், கருவாடு போடுபவர் என்று தொழிலைச் சொல்லி எழுதுங்கள். எண்ணிக்கை தரும் இடத்தில் ஆண், பெண் பிரித்துத் தாருங்கள். புகைப்படம் போட்டால் அனுமதி கேட்டுப் போடுங்கள், நனைந்த சேலையோடு கடலிலிருந்து ஏறும் பெண்ணைத் தூரத்திலிருந்து லென்ஸ் வைத்து எடுக்காதீர்கள்.

திட்டம் முடிந்து ஊரைவிட்டுப் போகும்போது அந்த ஐந்து கட்ட நோட்டைச் சுத்தமாகப் பிரதி எடுங்கள். வீட்டுக் கடன், குடும்பச் சண்டை மாதிரி உங்களை நம்பிச் சொன்ன விஷயங்களை நீக்கிவிட்டு, ஒன்றை உங்களுக்குப் பின் வருபவருக்கும், ஒன்றைச் சங்கத்துக்கும், ஒன்றைப் பெண்கள் குழுவுக்கும் கொடுங்கள். பெண்கள் குழுவுக்குக் கொடுக்கும் பிரதியை உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள், அதையும் எழுதிச் சேர்த்து மற்ற இரண்டு பிரதிகளிலும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.